கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய் என்ன பயன்? வேலூர்ப் பக்கத்துக் கேள்விக்கு ஒரு பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "கே.வி.குப்பம் பக்கம் எங்கள் ஊருக்கு அருகில் கல்குவாரி வரப்போகிறது, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மின் கட்டணத்துக்கும் இப்படிக் கூட்டம் நடக்குமாம். முடிவை முதலிலேயே எடுத்துவிட்டுக் கண்துடைப்புக்குத்தானே நம்மைக் கூப்பிடுகிறார்கள்? போவதென்றால் என்ன தயார் செய்துகொண்டு போக வேண்டும்?"

அந்தக் கூட்டத்தில் யாரும் முடிவெடுப்பதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டெடுப்பு கிடையாது. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கும் கிடையாது. 500 பேர் கை தூக்கி "வேண்டாம்" என்றாலும் அந்த எண்ணிக்கையால் மட்டும் திட்டம் நிற்காது. ஆனால் ஒரே ஒருவர், தன் கிணற்றின் புல எண்ணைக் குறிப்பிட்டு, கம்பெனி கொடுத்த சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் இன்ன பக்கத்தில் உள்ள இன்ன கணக்கு தவறு என்று எழுதிக் கொடுத்தால், அதற்கு விண்ணப்பதாரர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அனுமதி கொடுப்பது மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். பரிந்துரைப்பது அதன் நிபுணர் குழு. இரண்டும் சென்னையில் கூடுகின்றன. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் ஊரைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. அவர்கள் மேசைக்குப் போவது கம்பெனி கொடுத்த அறிக்கை, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, வீடியோ, மக்கள் கொடுத்த மனுக்கள், அவ்வளவுதான். நாளைக்கு வழக்கு என்று போனாலும் பசுமைத் தீர்ப்பாயம் புரட்டிப் பார்ப்பது இந்தக் காகிதக் கட்டைத்தான். எனவே கூட்டத்துக்குப் போவதன் நோக்கம் அந்தக் கட்டுக்குள் உங்கள் தாள் சேர்வது.

இதன் அருமை வேறு எந்த ஊர்க்காரரையும்விட வடஆர்க்காட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பாலாற்றையும் சுற்றியுள்ள நிலத்தடி நீரையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசு செய்தவரே செலவை ஏற்கும் கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. இன்று எந்தச் சுற்றுச்சூழல் வழக்கிலும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிர்செய்ய முடியாமல் போனது அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஆனால் இழப்பீடும் ஆற்றின் சீரமைப்பும் முடியவில்லை. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் அதே வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் குறித்து மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள். கெட்ட பிறகு வாதாடுவதற்கு ஆகும் காலம் இது. அனுமதிக்கு முன்னால் கேட்பதற்கு உங்களுக்கு இருப்பது 30 நாள். இந்த 30 நாளை வீணாக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

எதற்கெல்லாம் கூட்டம் உண்டு என்பதில் குழப்பம் அதிகம். அடிப்படை, 2006 செப்டம்பர் 14-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதில் திட்டங்கள், அளவையும் பாதிப்பையும் பொறுத்து, 'ஏ', 'பி1', 'பி2' என்று பிரிகின்றன. 'ஏ'வுக்கும் 'பி1'க்கும் பொதுவாகக் கூட்டம் உண்டு, 'பி2'வுக்கு இல்லை. கல்குவாரியில் இந்தக் கோடு 5 ஹெக்டேரில் விழுகிறது. அதனால்தான் பல குத்தகைகள் 4.5, 4.8 ஹெக்டேர் என்று இருப்பதைப் பார்ப்பீர்கள். அதற்கும் ஒரு மறுப்பு உண்டு. ஒரு குத்தகையின் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் அதே கனிமத்துக்கு இன்னொரு குத்தகை இருந்தால் அவை ஒரு தொகுப்பு. தொகுப்பின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் 'பி1' ஆகி, கூட்டம் நடத்த வேண்டும். அந்தச் சுற்றளவில் உள்ள குவாரிகளைப் பட்டியலிட்டுப் புவியியல் மற்றும் சுரங்கத்துறை மாவட்ட அலுவலகம் கொடுக்கும் '500 மீட்டர் கடிதம்' அறிக்கையின் இணைப்பில் இருக்கும். அதைத்தான் முதலில் திறந்து பாருங்கள். மூன்று ஆண்டுக்கு மேல் ஓடாத குத்தகைகளும், 2016 ஜனவரி 15-க்குள் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியவையும் தொகுப்புக் கணக்கில் சேராது. "ஓடவில்லை" என்று கழித்துவிட்ட குவாரியில் உண்மையில் டிப்பர் ஓடிக்கொண்டிருந்தால், தேதியோடு படம் எடுத்து மனுவோடு இணைப்பது வலுவான ஆட்சேபம்.

இன்னொன்று, 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு கலெக்டர் யார், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் எந்தப் பொறியாளர் என்பது மாறியிருக்கிறது. குத்தகை நிலம் வேலூர் மாவட்டத்தில், பாதிக்கப்படும் ஊர் ராணிப்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ என்று எல்லையோர ஊர்களில் நேர்கிறது. நோட்டீசில் உள்ள முகவரிக்கு ஒன்று, உங்கள் மாவட்டக் கலெக்டருக்கு ஒன்று என இரண்டாக அனுப்புங்கள்.

நோட்டீஸ் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் வர வேண்டும், கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பாக. முழு அறிக்கையும், தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள சுருக்கமும், கலெக்டர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஆகிய இடங்களில் அலுவலக நேரத்தில் பார்க்கக் கிடைக்க வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் "அந்த செக்‌ஷன் ஆள் லீவு" என்பார்கள். திரும்பி வந்துவிடாதீர்கள். அங்கேயே வெள்ளைத் தாளில் "இன்ன தேதி, இத்தனை மணிக்கு அறிக்கையைப் பார்க்க வந்தேன், கிடைக்கவில்லை" என்று எழுதி, தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மக்களுக்கு அறிக்கை கிடைக்காத கூட்டம் முறையான கூட்டம் அல்ல என்று பின்னால் சொல்வதற்கு அந்த முத்திரைதான் ஆதாரம். வாரியத்தின் இணையதளத்தில் நோட்டீசும் சுருக்கமும் ஏற்றப்படும். மத்திய அரசின் 'பரிவேஷ்' தளத்தில் திட்டத்தின் பெயரைத் தேடினால் விண்ணப்பமும் மற்ற ஆவணங்களும் வரும். தமிழ்ச் சுருக்கம் சில பக்கங்களே இருக்கும், சங்கடமான எண்கள் அதில் இருக்காது. முழு அறிக்கை ஆங்கிலத்தில் சில நூறு பக்கம். ஊரில் கல்லூரி போகும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் ஆளுக்கொரு அத்தியாயமாகப் பிரித்துக் கொடுத்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும்.

முழுவதையும் படிக்க முடியாவிட்டால் நான்கைந்து இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, தூரம். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-இன்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது. "300 மீட்டர் சுற்றளவில் குடியிருப்பு இல்லை" என்று வி.ஏ.ஓ. கொடுத்த சான்று இணைப்பில் இருக்கும். அதன் தேதியைப் பாருங்கள். சான்று வாங்கிய பிறகு கட்டிய வீடுகள், புல வரைபடத்தில் இல்லாத காலனி வீடுகள், பசுமை வீடுகள், கோயில், அங்கன்வாடி எல்லாம் விட்டுப்போவது உண்டு. கைப்பேசியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அட்சரேகை, தீர்க்கரேகை தெரியும்படி படம் எடுங்கள். குத்தகை எல்லைத் தூண்களின் அளவைகள் அறிக்கையிலேயே இருக்கும். இரண்டையும் வைத்துத் தூரம் போட்டு ஒரு அட்டவணையாக்கினால், அதை மறுக்க அவர்கள் மறுபடியும் அளக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, லாரிக் கணக்கு. இதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஐந்து ஆண்டில் 5 லட்சம் கன மீட்டர் சாதாரணக் கல் எடுக்கத் திட்டம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம். ஆண்டில் 300 வேலை நாள் என்றால் நாளுக்கு 333 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கருங்கல் சுமார் 2.6 டன். ஆக நாளுக்கு 866 டன். 20 டன் ஏற்றும் டிப்பர் என்றால் 43 நடை, போக வர 86 தடவை. எட்டு மணி நேர வேலையில் ஐந்தரை நிமிடத்துக்கு ஒரு டிப்பர் உங்கள் தெருவைக் கடக்கும். அறிக்கையின் போக்குவரத்துப் பகுதியில் "மணிக்கு 3 வண்டி" என்று இருந்தால், ஒன்று உற்பத்தி எண் பொய், இல்லை லாரி எண் பொய். எது என்று கேளுங்கள். அந்தச் சாலை எத்தனை மீட்டர் அகலம், ஒன்றியச் சாலையா, ஊராட்சிச் சாலையா, எத்தனை டன் தாங்கும், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் லாரி ஓடுமா என்பதும் அதோடு சேரும்.

மூன்றாவது, வெடி. "கட்டுப்படுத்தப்பட்ட வெடிப்பு" என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. எத்தனை மீட்டர் ஆழத் துளை, ஒரு துளைக்கு எத்தனை கிலோ, ஒரே நேரத்தில் எத்தனை துளை, நாளில் எந்த நேரம் என்று கேட்க வேண்டும். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் வரம்பு, சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்சுக்குக் கீழே இருந்தால் வினாடிக்கு 5 மில்லிமீட்டர் அதிர்வு, 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. அறிக்கை இந்த மூன்றில் எதை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 15-ஐ எடுத்துக்கொண்டு "பாதிப்பில்லை" என்று முடித்திருந்தால், ஓட்டு வீடும் மண்சுவரும் உள்ள ஊருக்கு அதை ஏன் எடுத்தீர்கள் என்பது நியாயமான கேள்வி. குவாரி வருவதற்கு முன்னால் உங்கள் சுவர்களைப் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்வதும் நல்லது. விரிசல் விழுந்த பிறகு "இது பழைய விரிசல்" என்பார்கள்.

நான்காவது, தண்ணீர். வேலூர் மாவட்டம் பெரும்பாலும் பாறை நிலம். கிணற்றுக்கு நீர் வருவது பாறை வெடிப்புகள் வழியாக. குவாரி தரைமட்டத்திலிருந்து 40 மீட்டர் தோண்டப்போகிறது, பக்கத்துக் கிணறு 15 மீட்டர், போர் 120 மீட்டர் என்றால், குழியில் ஊறும் தண்ணீரை வெளியே இறைக்கும்போது கிணற்றின் கதி என்ன? "நிலத்தடி நீர் 60 மீட்டருக்குக் கீழே இருக்கிறது, குவாரி அதைத் தொடாது" என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். எந்த மாதத்தில், எந்தக் கிணற்றில் அளந்தார்கள்? ஏப்ரலில் அளந்ததை வைத்துக் கார்த்திகை மாதத்து நீர்மட்டத்தைச் சொல்ல முடியாது. ஊரில் உள்ள கிணறுகளுக்கு ஒரு நோட்டுப் போட்டு, புல எண், ஆழம், இன்றைய நீர்மட்டம், பாசனப் பரப்பு, பயிர் ஆகியவற்றை எழுதி, உரிமையாளர் கையெழுத்தோடு இணைத்தால் அறிக்கையைவிட அது வலுவான ஆவணம்.

காற்றுத் தரவுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவம், அதாவது மூன்று மாத அளவீடு எடுப்பது வழக்கம். 24 மணி நேர சராசரியில் 10 மைக்ரான் தூசுக்கு வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், 2.5 மைக்ரான் தூசுக்கு 60. கருவி வைத்த இடங்கள் எவை, காற்று வீசும் திசையில் உள்ள ஊர் அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏற்கெனவே கிரஷர் ஓடும் இடத்தில் 40 என்று காட்டியிருந்தால் சந்தேகப்படக் காரணம் உண்டு.

வேறு மாவட்டத்து ஊர்ப் பெயர், இங்கே இல்லாத ஆறு, நம் பக்கம் வளராத மரங்களின் பட்டியல் என்று அறிக்கையில் தென்பட்டால் அது இன்னொரு திட்டத்திலிருந்து வெட்டி ஒட்டியது. பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். அறிவிக்கையின் 8-ஆம் பத்தி, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைத்தாலோ பொய்யாகக் கொடுத்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்கிறது. அந்தப் பத்தியைப் பெயர் சொல்லி மனுவில் எழுதுங்கள்.

கிராமசபைத் தீர்மானமும் சேர்ந்தால் நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்திருக்க வேண்டும், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர். அந்த எண்ணிக்கை இல்லாமல் எழுதிய தீர்மானம் பின்னால் உதவாது. "குவாரி வேண்டாம்" என்று மட்டும் எழுதாமல், எந்த ஏரிக்கால்வாய், எந்த மேய்ச்சல் புறம்போக்கு, எந்தக் குடிநீர்த் தொட்டி பாதிக்கப்படும் என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். ஜவ்வாது மலைப் பக்கம், பீஞ்சமந்தை போன்ற ஊராட்சிகளில் வன நிலம் சம்பந்தப்பட்டால் இது இன்னும் முக்கியம். 2006 வன உரிமைச் சட்டத்தின்படி மலைவாழ் மக்களின் உரிமையை முடிவுசெய்வதில் கிராமசபைக்குத் தனி இடம் உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலைச் சுரங்க வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்திருக்கிறது.

கூட்ட நாளன்று. தலைமை கலெக்டர், அல்லது கூடுதல் மாவட்ட நடுவர் (ஏ.டி.எம்.) நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதி. நம் ஊரில் பெரும்பாலும் மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) வருவார். அதற்குக் கீழான அதிகாரி உட்கார்ந்திருந்தால் உடனே ஆட்சேபம் சொல்லிக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுமுன் தலைப்பைப் படியுங்கள். வருகைக் கையெழுத்து "ஆதரவுக் கையெழுத்து" ஆகிவிடக் கூடாது. முதலில் கம்பெனித் தரப்பு விளக்கும், பிறகு நீங்கள். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது. முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். ஆகவே மைக்கைப் பிடித்ததும் பெயர், ஊர், "இன்ன எண்ணிட்ட மனுவைக் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வியை மூன்று நிமிடத்துக்குள் கேளுங்கள். பத்துப் பேர் ஒரே விஷயத்தைப் பேசுவதைவிட, ஆளுக்கொன்றாகத் தூரம், லாரி, வெடி, கிணறு, கால்வாய் எனப் பிரித்துக்கொண்டால் குறிப்பில் பத்துப் பொருள் ஏறும். நாற்காலி தூக்கி எறிந்து கூட்டத்தைக் கலைப்பது சிலருக்கு வெற்றியாகத் தெரிகிறது. நடப்பது என்னவென்றால், அன்று பேச வேண்டியவர்கள் பேசாமல் போகிறார்கள், கோப்பில் "கூட்டம் நடத்தப்பட்டது" என்ற வரி மட்டும் நிற்கிறது. "வேலை தருவோம், கோயிலுக்குச் செய்வோம்" என்று மேடையில் வாக்குறுதி வந்தால் தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று கேட்டுக் குறிப்பில் ஏற்றுங்கள். ஏறினால்தான் அது அனுமதியின் நிபந்தனையாக மாற வழி உண்டு.

கூட்ட முடிவில் ஒரு வேலை இருக்கிறது, அதற்குள் பாதிப் பேர் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள். பேசியவற்றின் சுருக்கத்தைத் தமிழில் படித்துக் காட்டி, அன்றைக்கே தலைமை வகித்தவர் கையெழுத்திட வேண்டும். நான்கைந்து பேராவது கடைசிவரை இருந்து, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள். படித்துக் காட்டாமல் எழுந்தால் அதையும் அன்று மாலையே பதிவுத் தபாலில் எழுதி அனுப்புங்கள். எட்டு நாளுக்குள் வாரியம் நடவடிக்கைக் குறிப்பைச் சென்னைக்கு அனுப்பும். ஊராட்சி அலுவலகத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் அது ஒட்டப்பட வேண்டும். குறிப்பில் தவறிருந்தால் நேரடியாக அனுமதி ஆணையத்துக்கே எழுதலாம், அறிவிக்கையில் அதற்கு இடமிருக்கிறது. நிபுணர் குழுவின் நிகழ்ச்சி நிரலை இணையத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள். உங்கள் திட்டம் வரும் கூட்டத்துக்கு முன்னால், கேள்விக்கு வந்த மழுப்பல் பதிலைச் சுட்டி இரண்டு பக்கக் கடிதம் அனுப்புவது பலன் தரும்.

அனுமதி வந்துவிட்டால் ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழில், அதில் ஒன்று தமிழ், விளம்பரம் வர வேண்டும். அந்தத் தேதி முக்கியம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், தக்க காரணம் சொன்னால் மேலும் 60 நாள். 91-ஆம் நாள் போனால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். வக்கீல் இல்லாமல் நேரிலும் வாதிடலாம்.

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் தோல் தொழிற்சாலை விரிவாக்கமோ பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமோ என்றால் கேட்க வேண்டியவை வேறு. "கழிவு வெளியேற்றமே இல்லை" என்பார்கள். சவ்வூடு வடிகட்டலில் நல்ல நீர் பிரிந்த பிறகு மிஞ்சும் உப்புநீர் ஆவியாக்கியில் வற்றி உப்பாக வரும். நாளுக்கு எத்தனை டன் உப்பு, எங்கே குவிக்கிறார்கள், மேலே கூரை இருக்கிறதா, ஆவியாக்கி பழுதானால் எத்தனை நாள் தேக்க இடமிருக்கிறது, மின்சாரச் செலவு மிச்சம் பிடிக்க அதை நிறுத்துகிறார்களா என்பதற்கு மின் மீட்டர்ப் பதிவு காட்டுவார்களா, இவைதான் கேள்வி. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் உங்கள் கிணற்று நீரை வெயில் காலத்தில் ஒன்று, மழை முடிந்து ஒன்று எனப் பரிசோதித்து வையுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. குரோமியம் 0.05-ஐத் தாண்டக் கூடாது. தொழிற்சாலைகளுக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவின் நிபந்தனைப் பதிவேட்டைப் பார்வையிடப் பாதிக்கப்பட்டவருக்கு 1974 நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவே உரிமை தருகிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை.

இனி மின்சாரம். சூரிய மின் பூங்காவுக்கும் உயரழுத்த மின்பாதைக்கும் சுற்றுச்சூழல் அனுமதியும் இல்லை, அதனால் மேலே சொன்ன கூட்டமும் இல்லை. உங்கள் நிலத்தில் கோபுரம் நட வந்தால் வழி கலெக்டரிடம் ஆட்சேபம், இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதி. அதைக் கருத்துக் கேட்புக் கூட்டத்தோடு குழப்பிக்கொண்டு நாளைக் கடத்திவிட வேண்டாம்.

மின் கட்டணம் வேறு பாதை. 2003 மின்சாரச் சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி விநியோக நிறுவனம் மனுப் போட்டு, அதன் சுருக்கத்தை விளம்பரப்படுத்தி, மக்களின் ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை முடிவுசெய்யலாம், மனு கிடைத்த 120 நாளுக்குள். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை மூன்று இடத்தில்தான் கூட்டம் நடந்தது. வேலூர்க்காரர் 140 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 9-இல் வந்த ஆணை 2027 மார்ச் 31 வரைக்குமானது. ஒவ்வொரு ஜூலை 1-இலும் விலைவாசிக் குறியீட்டின்படி, 6 சதவீதத்துக்கு மிகாமல் உயர்த்தும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருந்தது. 2023-இல் 2.18, 2024-இல் 4.83, 2025-இல் 3.16 சதவீதம் எனப் பின்னால் வந்த உயர்வுகளுக்குத் தனிக் கூட்டம் நடக்காததற்குக் காரணம் அதுதான். வீடுகளுக்கான உயர்வைச் சில ஆண்டு அரசு ஏற்றுக்கொண்டது, கடைக்காரரும் சிறுதொழில் செய்வோரும் கட்டினார்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஐந்து ஆண்டுக் கட்டணம் கைவிட்டுப் போகிறது என்பது இதில் தெரிகிறது. அடுத்த மனுவின் விளம்பரம் வரும்போது குடியாத்தம் தறிக்காரர்களும் காட்பாடி சிறுதொழில்காரர்களும் எழுத்தில் அனுப்பியாக வேண்டும். கூட்டத்துக்கு நேரில் போக முடியாவிட்டாலும் கிண்டியில் உள்ள ஆணையச் செயலருக்குக் கெடுவுக்குள் போய்ச் சேரும் எழுத்து மனுவும் கணக்கில் சேரும்.

அதில் செய்யும் தவறு ஒன்று. "எங்கள் டிரான்ஸ்பார்மர் அடிக்கடி போகிறது, வோல்டேஜ் இல்லை" என்று கட்டணக் கூட்டத்தில் பேசுகிறார்கள். அது தனிக்குறை என்று ஒதுங்கிவிடும். அதற்கு மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அங்கே தீராவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். கட்டணக் கூட்டத்தில் கேட்க வேண்டியது செலவுக் கணக்கை. விநியோக இழப்பு எத்தனை சதவீதம் என்று காட்டுகிறீர்கள், மீட்டர் இல்லாத பம்புசெட் நுகர்வை எப்படி மதிப்பிட்டீர்கள்? அங்கே கூடுதலாகக் காட்டினால் இழப்பு குறைவாகத் தெரியும். வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் யூனிட் என்ன விலை, ஒப்பந்தம் போட்டு வாங்காமலே கட்டும் நிலைக்கட்டணம் எவ்வளவு? 65-ஆம் பிரிவின்படி இலவச மின்சாரத்துக்கு அரசு முன்பணமாகத் தர வேண்டிய மானியம் வந்ததா, நிலுவை எவ்வளவு, அந்த நிலுவைக்கான வட்டி நம் தலையில் ஏறியிருக்கிறதா? இவற்றுக்குப் பதில் ஆணையில் எழுதப்பட வேண்டும். இங்கே முழு மூச்சோடு கேட்டுவிட வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆணைக்கு எதிரான மேல்முறையீடு டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில், 45 நாளுக்குள், கட்டணம் ஒரு லட்சம் ரூபாய். சாதாரண நுகர்வோருக்கு அது எட்டாத உயரம்.

குவாரிக்கே திரும்பினால், அனுமதி கிடைத்துவிட்டாலும் ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனுவில் அதைக் கேளுங்கள், 30 நாளில் வர வேண்டும். "தினமும் மூன்று முறை தண்ணீர் தெளிக்கிறோம்" என்று அதில் இருக்கும். தெளிக்கும் டேங்கரின் பதிவேட்டு நகலையும் அதே மனுவில் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

மனு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. "என் பட்டா நிலம் புல எண் இன்னது. அதிலுள்ள கிணறு குத்தகையின் இன்ன எண் எல்லைத் தூணிலிருந்து இத்தனை மீட்டர். ஆழம் இத்தனை, இன்ன தேதியில் நீர்மட்டம் இத்தனை. அறிக்கையின் இன்ன பக்கத்துக் கிணற்றுப் பட்டியலில் இது விடுபட்டிருக்கிறது. இதைச் சேர்த்து நிலத்தடி நீர் மதிப்பீட்டை மறுபடியும் செய்து, அதன் முடிவைத் தமிழில் எனக்குத் தரும்வரை இத்திட்டத்தைப் பரிந்துரைக்கக் கூடாது எனக் கேட்டுக்கொள்கிறேன்." ஒரு மனுவுக்கு ஒரு பொருள், ஒரு பக்கம். மூன்று பிரதி எடுத்து, ஒன்றைக் கூட்டத் தலைமையிடமும் ஒன்றை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடமும் கொடுத்து, மூன்றாவதில் தேதியோடு பெறுகை முத்திரை வாங்கி வீட்டில் பட்டாவோடு வையுங்கள்.